வசனத்திலிருந்து தத்தகாரத்துக்கு

(ஆவடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோடம்பாக்கத்தில் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று இங்கே பலருக்கும் தெரியும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து ஒரு மெட்டுப் போடுவார். 'தனனா தானனா' என்று பாடிக் காட்டுவார். அந்தத் தத்தகாரத்தைப் பிடித்துக்கொண்டு கவிஞர் சொல் தேடுவார். எழுதிக் கொடுத்த பாட்டுக்கு மெட்டமைத்ததும் உண்டுதான். ஆனால் பெருவழக்கு இதுவே. பொருளில்லாத ஒலி முதலில் வரும், பொருளுள்ள சொல் அதில் வந்து உட்காரும்.

இன்று நான் பேச வந்த கலையில் இந்த வரிசை தலைகீழ். யாரோ எப்போதோ பேசி முடித்த வசனத்தை எடுக்கிறார்கள். அசை அசையாக நறுக்குகிறார்கள். பொருள் உதிர்ந்து போகும்வரை நறுக்கி, மறுபடி தத்தகாரமாக்கி, அதைக் கோத்து ஒரு பாட்டுச் செய்கிறார்கள். அதற்கு அவர்கள் அதிகம் நாடுவது கார்ட்டூன் படங்களை. ஏன் கார்ட்டூன்? இந்தக் கேள்விதான் இன்றைய உரைக்கு முதுகெலும்பு.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த நிக் பெர்ட்கி 2007-இல் 'ஆலிஸ்' என்ற பாட்டை வெளியிட்டபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் போகோ. நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் போகோ சேனலுக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1951-இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' படத்தின் ஒலித்தடம்தான் அவருடைய மூலப்பொருள். ஆலிஸுக்குக் குரல் கொடுத்தவர் கேத்ரின் போமண்ட் என்ற சிறுமி. அவர் பேசியது, பாடியது, வியந்து இழுத்தது, அதோடு படத்தின் பின்னணி இசையிலிருந்து சில துணுக்குகள் என்று பெரும்பகுதி அந்தப் படத்திலிருந்தே எடுத்துக் கட்டிய பாட்டு அது. அதில் ஆலிஸ் என்ன பாடுகிறாள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலம் போலக் கேட்கும், ஆனால் ஆங்கிலம் அல்ல. கேட்டவர்கள் ஆளுக்கொரு வரியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பிறகு ஸ்னோ ஒயிட் படத்திலிருந்து 'விஷரி' வந்தது. 2009-இல் வந்த 'அப்' படத்திலிருந்து 'அப்யுலர்' வந்தது. எந்த நிறுவனங்களின் படங்களை வெட்டினாரோ, அந்த டிஸ்னியும் பிக்சாரும் பின்னாளில் அவருக்கே வேலை கொடுத்தன.

இதைக் கேட்டுவிட்டு, 'பொருளில்லாத உளறலை எப்படி ரசிப்பது' என்று தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நடவுப் பாட்டில் தன்னானே என்று எடுத்துவிட்டால் வயல் முழுக்கச் சேர்ந்துகொள்கிறதே, அதற்கு அகராதியில் பொருள் உண்டா? கொன்னக்கோல் கலைஞர் தா, தி, தொம், நம் என்று வாயாலேயே மிருதங்கம் வாசிக்கும்போது நாம் அர்த்தம் கேட்கிறோமா? ஆலாபனையில் வரும் ததரினாவுக்கு உரை எழுதினவர் எவரும் இல்லை. சொல்லின் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு ஒலியை மட்டும் அனுபவிக்கும் பழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு. பெர்ட்கி செய்தது நமக்கு அந்நியமே அல்ல.

சரி, கார்ட்டூனுக்கு வருவோம்.

ஆட்களை நிறுத்தி எடுக்கும் படத்தில் கேமரா ஓடும்போது ஏதோ ஓர் ஒலி இருந்தே தீரும். தூரத்தில் ஒரு காக்கை, ஜெனரேட்டர், நடிகரின் சேலைச் சரசரப்பு. டப்பிங்கில் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம். ஆனாலும் அந்த இடத்துக்கென்று ஓர் ஒலி முதலிலேயே இருந்தது. கார்ட்டூனில் அப்படி எதுவும் இல்லை. வரைந்த படம் ஊமை. ஒரு கதவு கிறீச்சிட வேண்டுமென்றால், கிறீச்சிட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்து, ஒரு பொருளை எடுத்து, மைக்கின் முன் கிறீச்சிட வைத்திருக்க வேண்டும். தற்செயலாக நுழைந்த ஒலி ஒன்றுகூட அதில் கிடையாது. டிஸ்னியில் 1934-இல் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி மெக்டொனால்டு தாளவாத்தியக்காரர். காற்றுக்கு ஒரு கருவி, மழைக்கு ஒரு கருவி, தவளைக்கு ஒரு கருவி என்று தானே தச்சு வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் அந்தப் படங்களுக்கு ஒலி கொடுத்தார். ஒரு தாளக்காரர் செய்த ஒலியில் தாளம் ஒளிந்திருப்பதில் வியப்பென்ன?

பிக்சாரின் 'வால்-ஈ' 2008-இல் வந்தது. அதற்கு ஒலி அமைத்த பென் பர்ட் ஏறத்தாழ 2,500 ஒலிகளைத் திரட்டினார். அந்தக் குட்டி ரோபோ சக்கரத்தில் ஓடுவதில்லை. டாங்கியைப் போலச் சங்கிலிப் பட்டையில் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குப் பர்ட் பயன்படுத்தியது கையால் சுற்றும் பழைய மின்னாக்கி ஒன்று. வேகமெடுக்கும்போது பழைய இரட்டை இறக்கை விமானத்தைக் கிளப்பும் கருவியின் ஒலி. கரப்பான்பூச்சிக்குப் போலீஸ் கைவிலங்கைப் பூட்டும் ஒலி. இதை ஆவடியில் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சங்கிலிப் பட்டை தரையில் உருளும் ஒலி எப்படி இருக்கும் என்று உலகத்தில் மிகச் சில ஊர்க்காரர்களுக்கே காதால் தெரியும். 1965-இல் இங்கிருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த நாளிலிருந்து இந்த ஊர் அதைக் கேட்டுவருகிறது. பென் பர்ட் ஒரு கைச்சுழற்சி மின்னாக்கியை வைத்து ஏமாற்றியிருக்கிறார் என்பதை உங்களில் சிலர் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள்.

அடுத்த காரணம் இதைவிடச் சுவையானது. கார்ட்டூனுக்குள் ஏற்கெனவே ஒரு தாளக்கட்டு இருக்கிறது.

1928-இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யை நினைத்துப் பாருங்கள். மிக்கி மவுஸ் அதில் பசுவின் பற்களைத் தட்டிச் சைலஃபோன் வாசிக்கிறான். பன்றிக்குட்டிகளின் வாலை இழுத்துச் சுரம் எழுப்புகிறான். கிடைத்த ஒலியையெல்லாம் இசைக்கருவியாக்குவது என்ற எண்ணம் பேசும் கார்ட்டூனின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் ஒலியும் படமும் ஒத்துப்போக வேண்டுமே என்று டிஸ்னி கவலைப்பட்டபோது, வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளம் ஓவியர் ஒரு மெட்ரோனோமை எடுத்துவந்தார். அவருடைய அம்மா இசை ஆசிரியர். அசைவுகளை அந்த மெட்ரோனோமின் தட்டுக்கு அளந்து வரைந்தார்கள்.

கணக்கு இதுதான். சினிமாச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஒரு கதாபாத்திரம் 12 சட்டகத்துக்கு ஒரு முறை காலடி வைத்தால், நொடிக்கு இரண்டு அடி, நிமிடத்துக்கு 120 அடி. அணிவகுப்பு நடை. கார்ட்டூன் ஓவியர்கள் இயல்பான நடைக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவும் இதுதான். 16 சட்டகத்துக்கு ஓர் அடி என்றால் நிமிடத்துக்கு 90. 8 என்றால் 180, ஓட்டம். இப்போது நம் டிஜேக்கள் வாசிக்கும் நடன இசையின் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 120-க்கும் 128-க்கும் இடையில் நிற்கும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியர் வாத்துக்குக் கால் வரைந்த கணக்கு, இன்றைய மடிக்கணினி மென்பொருளின் கட்டத்தில் நேராகப் போய் உட்காருகிறது. கார்ட்டூன் ஒலியை வெட்டிச் சுழலவிடும்போது அது இவ்வளவு எளிதாகத் தாளத்தில் நிற்கும் ரகசியம் இதில்தான் இருக்கிறது. இதைப் பற்றி நம்மூர்க் காட்சித் தொடர்பியல் வகுப்புகளில் ஒரு மணி நேரமாவது பேச வேண்டும் என்பது என் கருத்து.

வெட்டும் முறைக்கு வருகிறேன். இசை மாணவர்கள் மட்டும் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். மற்றவர்களுக்கு இது கொஞ்சம் பட்டறை வேலை.

டிவிடியிலும் ப்ளூரேயிலும் ஒலி ஆறு தடங்களாகப் பிரிந்திருக்கும். இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, அடிக்கொலிக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். அந்த ஒரு தடத்தை மட்டும் பிரித்தெடுத்தால், பின்னணி இசை பெரும்பாலும் கழன்று குரல் தனியாக நிற்கும். இப்போது கணினியே பாட்டிலிருந்து குரலைப் பிரித்துத் தருகிறது. 2019-இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் இலவசமாகவே கிடைத்தது. வேலை எளிதாகிவிட்டது, காது வேலை குறையவில்லை. பழைய 'பால்' முறை டிவிடியில் ஒரு சிக்கல் உண்டு. நொடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தை 25 ஆக்கி ஓட்டுவதால் எல்லாமே நூற்றுக்கு நான்கு பங்கு வேகமெடுக்கும். சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் பல் கூசும். முதலில் அதை இறக்க வேண்டும்.

பிறகு அசைகளைப் பொறுக்குவது. உயிரெழுத்தில்தான் சுருதி நிற்கும். யாராவது 'ஆ...' என்று வியந்தால் அதற்குள் ஒரு சுரம் இருக்கிறது. அதை நிறுத்தி நீட்டி மேலும் கீழும் நகர்த்தினால் முழுச் சுரவரிசையும் கிடைக்கும். மெய்யெழுத்து தாளத்துக்கு. இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தியதாக நான் கேட்டதில்லை. நம் வல்லின இரட்டைகளைப் பாருங்கள். 'அப்பா', 'பாட்டு', 'பக்கம்', 'முத்து'. இரட்டிக்கும் இடத்தில் வாய் மூடி ஒரு கணம் முழு மௌனம், பிறகு வெடிப்பு. ஒலி அலையைத் திரையில் பார்த்தால் அங்கே தட்டையாக ஒரு கோடு, அடுத்து ஒரு செங்குத்து மலை. கத்தி வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெட்டியது கேட்கவே கேட்காது. மெல்லினம் ரீங்காரத்துக்கு, ழகரமும் ளகரமும் வழுக்கிச் செல்ல. அளபெடை என்று இலக்கணத்தில் படித்தது கணினியில் ஒரு பொத்தானாக இருக்கிறது. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடிப்பாலும் அளந்தார். நாம் மில்லி நொடியில் அளக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் காதை நாம் எங்கே பெற்றோம்? சினிமாவைக் கண்ணால் பார்த்ததற்குச் சமமாகக் காதால் கேட்ட சமூகம் நம்முடையது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒன்று போடுவார்கள். ஒரு முழுப்படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். திரை இல்லை, நடிகர் முகம் இல்லை. வசனமும் பின்னணி இசையும் கதவுச் சத்தமும்தான். சமையலறையில் இருந்துகொண்டே பெண்கள் படம் 'பார்த்தார்கள்'. 1984-இல் 'விதி' வந்தபோது ஆரூர்தாஸின் வசனம் கேசட்டாக விற்றுத் தீர்ந்தது. அந்த நீதிமன்றக் காட்சி டீக்கடைகளிலும் கல்யாண வீட்டு மைக் செட்டிலும் ஒலித்தது. 'திருவிளையாடல்' வசனம் கோயில் திருவிழாவின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. தொடர்ந்து கேட்கக் கேட்க ஒரு கட்டத்தில் வசனத்தின் பொருள் பின்னுக்குப் போய் அதன் ஏற்ற இறக்கம் மட்டும் மனத்தில் தங்கும். சிவாஜியின் குரல் எந்த இடத்தில் ஏறும், நாகேஷ் எந்த இடத்தில் வெட்டுவார் என்பதை மெட்டாக மனப்பாடம் செய்த தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. ரீமிக்ஸ் செய்கிறவன் முதலில் கற்க வேண்டிய பாடத்தை அவர்கள் கருவியே இல்லாமல் கற்றுவிட்டார்கள்.

மாணவர்களே, உங்களுடைய ஒலிச்சித்திரம் 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி. டோராவும் புஜ்ஜியும், ஜாக்கி சானும் அவருடைய மாமாவும் தமிழ் பேசியது சென்னையின் டப்பிங் கூடங்களில். அமெரிக்காவில் செய்த இசையும் எஃபெக்ட்ஸும் அப்படியே வரும். அதன்மேல் நம்மூர்க் குரல் ஏறும். இன்று அந்தக் குரல்களைக் கேட்டால் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். பெர்ட்கி ஆலிஸிடம் போனதும் இதே காரணத்தால்தான். பிள்ளைப் பருவத்தில் நூறு முறை கேட்ட குரலை நாம் நறுக்கும்போது, பொருள் போனாலும் அந்தப் பருவம் போகாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் இளைஞர்கள் இப்போது செய்யும் வசன ரீமிக்ஸ்களில் பெரும்பாலானவை எனக்குச் சலிப்பூட்டுகின்றன. வடிவேலு வசனம் ஒன்றை எடுத்து, அதன் கீழே ஒரு பறை லூப்பைப் போட்டு, கடைசிச் சொல்லை மூன்று முறை திக்க வைத்தால் அது ரீமிக்ஸ் ஆகிவிடாது. அங்கே சிரிப்பு வடிவேலுவுடையது. செய்தவர் கூட்டியது ஒன்றுமில்லை. 2020-இல் யஷ்ராஜ் முகாத்தே ஓர் இந்தித் தொடரின் சமையலறைச் சண்டையை எடுத்துச் செய்ததைக் கேட்டுப் பாருங்கள். நாடு முழுக்கச் சிரித்தது. ஆனால் அதற்கடியில் இருக்கும் உழைப்பு வேறு: அந்த நடிகை பேசிய தொனிக்குள் ஏற்கெனவே இருந்த சுரங்களைக் கண்டுபிடித்து, அதற்குக் கார்டு அமைத்திருக்கிறார். பேச்சுக்குள் இருந்த மெட்டை வெளியே எடுத்தார். பெர்ட்கி அதற்கும் ஒரு படி தள்ளிப் போய்ச் சொல்லையே கரைத்தார். இரண்டும் கலை. தாளத்தின்மேல் வசனத்தை ஒட்டுவது வெறும் ஒட்டு வேலை.

இந்த மரபின் பழைய கிளைகளைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 1948-இல் பியர் ஷேஃபர் பாரிஸின் பதிஞ்ஞோல் ரயில் நிலையத்தில் இன்ஜின்களைப் பதிந்து, அந்த ஒலிகளை மட்டுமே கோத்து ஓர் இசைத்துண்டு செய்தார். இசைத்தட்டின் கோடு தன்மேலேயே மூடிக்கொண்டால் ஒரே ஒலி மறுபடி மறுபடி சுழலும் என்பதை அவர் ஒரு கருவியாக்கினார். இன்றைய லூப்பின் பாட்டன் அது. நம் நாட்டிலும் 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். அங்கே கீதா சாராபாய் உள்ளிட்டோர் செய்த மின்னணு இசை நாடாப் பெட்டிகளிலேயே உறங்கிக் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வந்தது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜாவும் அவருக்குக் கணினியில் கோத்துக் கொடுத்த, பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் என்று உலகம் அறிந்த இளைஞரும் செய்த கணினி இசை உங்களுக்குத் தெரியும். நம்மிடமிருந்து மற்றவர்கள் வெட்டியெடுத்ததும் உண்டு. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டு 2003-இல் பிளாக் ஐட் பீஸ் இசைத்தட்டில் கேட்டது. 'தளபதி'யின் காட்டுக்குயிலு 2007-இல் மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.வின் பாட்டுக்குள் பறந்தது.

சட்டத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. படத்தோடு சேர்ந்த ஒலித்தடமும் படத்தில் அடக்கம். தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்கு 52-ஆம் பிரிவு வழிவிடுகிறது. ரீமிக்ஸ் என்ற சொல் அங்கே இல்லை. 2012-இல் சேர்த்த 31சி பிரிவு, பழைய பாட்டை ஐந்து ஆண்டு கழித்துப் பணம் கட்டிப் புதிதாகப் பாடிப் பதிய அனுமதிக்கிறது. ஆனால் மூலத்தை மாற்றக் கூடாது. நறுக்குகிறவருக்கு அதனால் பயனில்லை. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த இரண்டு நொடித் தாளத்துக்காக இருபது ஆண்டுக்கும் மேலாக வழக்கு நடந்தது. 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: எவ்வளவு சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டும்; காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் மட்டும் தேவையில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒரு வருத்தம் உண்டு. அடையாளம் தெரிவதில்தான் இந்தக் கலையின் உயிரே இருக்கிறது. ஆலிஸின் குரல் ஆலிஸுடையது என்று தெரியாவிட்டால் அந்தப் பாட்டைக் கேட்பானேன்? கலை எதை விரும்புகிறதோ அதற்குச் சட்டம் பூட்டுப் போட்டு, கலைக்குத் தேவையில்லாததற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் நான் நிறுவனங்களின் உரிமையைப் பற்றிக் கவலைப்படுவதைவிடக் குரலுக்குரியவர்களைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறேன். 1937-இல் ஸ்னோ ஒயிட்டுக்குக் குரல் கொடுத்த அட்ரியானா காசலோட்டியின் பெயர் அந்தப் படத்தின் எழுத்துகளில் இல்லை. உலகமே அறிந்த குரல், பெயர் மட்டும் இல்லை. நம் சுட்டிக் கார்ட்டூன்களில் ஒரு தலைமுறையையே வளர்த்த தமிழ்க் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று இங்கே கையைத் தூக்கிச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ அவர்கள் இன்றும் மைக்கின் முன் நிற்கிறார்கள். 2024-இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரலைக் கணினி வழியே மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் ரகுமான் தெரிவித்தார். பாடகருக்குக் கிடைத்த அந்த மரியாதை டப்பிங் கலைஞருக்கும் வர வேண்டும். ரீமிக்ஸ் செய்கிற நீங்கள் நிறுவனத்தின் பெயரைப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். குரல் யாருடையது என்று தேடி எழுதுங்கள். தேடினால் கிடைக்கும், டப்பிங் யூனியனில் கேட்டால் சொல்வார்கள்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வழிகள். வழக்குப் பயமின்றிக் கை பழக, பிளெண்டர் அமைப்பு வெளியிட்ட படங்கள் இருக்கின்றன. 2008-இல் வந்த 'பிக் பக் பன்னி'யில் வசனமே இல்லை; எஃபெக்ட்ஸ் மட்டும் கொட்டிக் கிடக்கிறது. 2010-இல் வந்த 'சின்டெல்' படத்தில் குரலும் உண்டு. படைத்தவர் பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தில் இரண்டும் வந்திருக்கின்றன. 'ஸ்டீம்போட் வில்லி'க்கு அமெரிக்காவில் 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு உரிமைக் காலம் முடிந்தது.

படத்துக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. பெர்ட்கி தன் அம்மா தோட்டத்தில் வேலை செய்யும் ஒலிகளை வைத்தும் ஒரு பாட்டுச் செய்தார். ஷேஃபருக்கு ஒரு பதிஞ்ஞோல் கிடைத்தால் உங்களுக்கு அண்ணனூர் பணிமனை இருக்கிறது, மின்தொடர் வண்டி பிரேக் போடும்போது எழும் அந்த நீண்ட சுரம் இருக்கிறது, பருத்திப்பட்டு ஏரிப் பறவைகள் இருக்கின்றன. தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும் பதிவுக் கருவியோடு போய்விடாதீர்கள். அது பாதுகாப்புத் துறை இடம், பிறகு என்னைத்தான் தேடி வருவார்கள்.

கடைசியாக ஒரு படம். அமெரிக்க ஓவியர் நீனா பேலி தனியொருவராக வரைந்து 2008-இல் வெளியிட்ட 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்'. ராமாயணக் கதை. 1920-களின் பாடகி ஆனெட் ஹான்ஷாவின் பாட்டுகளை அதில் சேர்த்ததற்காக, அந்தப் பாட்டுகளின் உரிமையாளர்களுக்கு அவர் 50,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அந்தத் துன்பத்தைப் பட்டவர், தன் படத்தை மற்றவர்களுக்குப் பூட்டி வைக்கவில்லை. 2013-இல் தன் உரிமை முழுவதையும் கைவிட்டார். படத்தின் நடுவே மூன்று இந்தியர்கள் முன்கூட்டி எழுதிய வசனம் இல்லாமல், ராமன் செய்தது சரியா என்று தங்களுக்குள் பேசிக் குழம்பிச் சிரிக்கிறார்கள். ஏற்ற இறக்கமும் தடுமாற்றமும் நிறைந்த நம்மவர் பேச்சு அது. ஹான்ஷா பாட்டுகளை மட்டும் தொடாதீர்கள், அவற்றின் உரிமை வேறிடத்தில் இருக்கிறது. மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப்படமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இரவே பதிவிறக்கம் செய்து வேலையைத் தொடங்கலாம்.